பக்கெட் லிஸ்டில் காளைச் சண்டை: வீட்டில் சண்டை வராமல் முடிவெடுப்பது எப்படி

‘சண்டை வராமல்’ என்று தலைப்பில் போட்டது கொஞ்சம் அதிகம்தான். எங்கள் வீட்டில் வந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி, இருப்பது நானும் மனைவியும். பதினொரு நாள் கதை பேச்சில்லை. காலைத் தேத்தண்ணி மட்டும் வரும், கோப்பை மேசையில் விழுகிற சத்தத்தோடு. அந்தப் பதினொரு நாளில் படித்ததைத்தான் எழுதுகிறேன். உங்கள் பட்டியலிலும் வீட்டில் ஒருவருக்குப் பிடிக்காத ஆசை ஏதாவது இருந்தால் உதவலாம்.

முதலில் பட்டியல். கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியின் கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து வருடம் இருந்துவிட்டு, சேமலாப நிதிக் காசு கைக்கு வந்த மாதம் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். சாகமுதல் செய்ய வேண்டியவை. நல்லூர்த் தேரை வடம் பிடிப்பதிலிருந்து இருப்புக்கு வரும் வரை நின்று பார்ப்பது. சிவனொளிபாத மலையில் ஏறி விடியலைப் பார்ப்பது. நீந்தப் பழகுவது (கடலுக்கு இருநூறு யார் தூரத்தில் இருந்துகொண்டு 63 வயது வரை நீந்தத் தெரியாதவன் நான்). நாலாவதாக, மட்ரிட்டில் காளைச் சண்டை பார்ப்பது. கொப்பியை மேசையில் விட்டதுதான் பிழை.

ஆசையை மட்டும் எழுதாதீர்கள். பக்கத்தில் ‘ஏன்’ என்றும் எழுதுங்கள். எனக்கு அந்த ‘ஏன்’ எழுத இரண்டு நாள் எடுத்தது. கொட்டாஞ்சேனையில் நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, பக்கத்து வீட்டு மாமா கப்பலில் வேலை. அவருடைய முன்னறைச் சுவரில் ஒரு ஸ்பானிய போஸ்டர். கறுப்புக் காளை, தங்கச் சரிகைச் சட்டை போட்ட மனிதன், கீழே மூன்று வீரர்களின் பெயர்கள். நடுப் பெயர் மாமாவுடையது! அவர் பார்சலோனாவில் காளையோடு மோதிவிட்டு வந்தவர் என்று ஒழுங்கை முழுக்க நாங்கள் சொல்லித் திரிந்தோம். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சுற்றுலாக் கடைகளில் காசு கொடுத்தால் யாருடைய பெயரையும் அப்படி அச்சடித்துத் தருவார்கள் என்பது எனக்கு வேலைக்குப் போன பிறகுதான் தெரியும். அதற்குள் 1983 ஜூலைக் கலவரம் வந்து, வீட்டோடு போஸ்டரும் எரிந்து போயிருந்தது.

ஆகவே எனக்கு வேண்டியது காளையின் இரத்தம் இல்லை. அந்தச் சுவர். இதைக் கொப்பியில் எழுதின அன்றே பிரச்சினை பாதி தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் நான் பிடிவாதக்காரன். படமாகப் பார்த்ததை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்பதும் அடியில் கிடந்தது. உங்கள் ஆசைக்குள்ளும் இப்படி இரண்டு மூன்று ஆசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். பிரித்து எழுதினால்தான் எதை விட்டுக்கொடுக்கலாம் என்று தெரியும்.

அடுத்தது, பார்க்கப் போவது என்ன என்பதை மழுப்பாமல் தெரிந்துகொள்ளுங்கள். ‘கலை’, ‘பாரம்பரியம்’, ‘கொடுமை’ என்ற சொற்களை ஒதுக்கிவைத்துவிட்டு, நடப்பதை வரிசையாக எழுதுங்கள். நான் எழுதியது இதுதான்.

ஒரு மாலையில் மூன்று மாதடோர்கள் (கடைசியில் காளையைக் கொல்லும் தலைமை வீரர்கள்), ஆறு காளைகள், ஆளுக்கு இரண்டு. ஒரு காளைக்குக் கிட்டத்தட்ட இருபது நிமிடம். முதல் கட்டத்தில் குதிரையில் வரும் பிக்கடோர் ஈட்டியால் காளையின் பிடரித் தசையில் குத்துவான். தலை தாழ வேண்டும், பலம் குறைய வேண்டும், அதற்காக. குதிரைக்குத் தடித்த கவச மெத்தை உண்டு. 1928இல்தான் அது கட்டாயமானது, அதற்கு முன்பு குதிரைகளும் குடல் சரிந்து செத்தன. இரண்டாம் கட்டத்தில் வண்ணக் காகிதம் சுற்றிய முள்ளுக் குச்சிகளைச் சோடி சோடியாகத் தோளில் ஏற்றுவார்கள். மூன்றாவதில் மாதடோர் சிவப்புத் துணியோடு தனியே நிற்பான். காளைக்குச் சிவப்பு பிரிந்து தெரியாது, துணியின் அசைவுக்குத்தான் பாயும். கடைசியில் வாள். பத்து நிமிடத்துக்குள் முடிக்காவிட்டால் எக்காளம் ஊதி எச்சரிப்பார்கள். முடிந்ததும் கோவேறு கழுதைகள் பூட்டி உடலை இழுத்துப் போகும், இறைச்சி விற்பனைக்குப் போகும். வீரன் நன்றாகச் செய்தான் என்றால் சனம் வெள்ளைக் கைக்குட்டை ஆட்டும், அவனுக்குக் காளையின் காது பரிசு. மிக அபூர்வமாக ஒரு காளைக்கு உயிர்ப்பிச்சை கிடைக்கும், அதற்குச் சண்டையை நடத்தும் தலைவர் செம்மஞ்சள் துணி காட்டுவார்.

இதை எழுதி முடித்த பிறகும் போக வேண்டும் என்று தோன்றினால், அது உங்களுடைய ஆசைதான். தோன்றாவிட்டால் விமானச் செலவு மிச்சம்.

இனி எதிர்ப்பவர்கள். என் அனுபவத்தில் எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துக் கதைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் நான் அதைத்தான் செய்தேன். புறக்கோட்டையில் இரும்புக்கடை வைத்திருக்கும் மச்சான், ஆட்டுக்கறியைப் பிசைந்துகொண்டே, “அந்தக் காளை நாலு அஞ்சு வருசம் புல்வெளியில ராசா மாதிரித் திரியுது. நீங்கள் தின்னுற புரொய்லர் கோழிக்கு ஆறு கிழமைதான் ஆயுள்” என்றார். ரொறன்ரோவிலிருந்து பேத்தி வாட்ஸ்அப்பில் இருந்தாள். அவள் பாலும் குடிக்காதவள். “அம்மப்பா, நீங்கள் டிக்கெட்டுக்குக் குடுக்கிற காசுதான் அந்த மாட்டைக் கொல்லுது” என்று சொல்லிவிட்டு இணைப்பை வெட்டினாள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பதினொரு நாளின் தொடக்கம்.

பிறகு ஒவ்வொருவராகப் போய்க் கேட்டேன். கேட்கும்போது ஒரு விதி வைத்துக்கொண்டேன்: அவர்கள் சொன்னதை என் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், “ஓம், அதுதான் நான் சொன்னது” என்று அவர்கள் ஒத்துக்கொள்ளும் வரை என் நியாயத்தை எடுக்கக் கூடாது. கஷ்டமான விதி. மச்சானோடு ஒரு நிமிடத்தில் முடிந்தது. பேத்தியோடு மூன்று அழைப்பு எடுத்தது. அவள் சொன்னதில் நான் தவறவிட்டது ஒன்று இருந்தது: பார்க்கப் போகிறவன் பார்வையாளன் மட்டுமில்லை, கூலி கொடுப்பவன். கணக்குப் பிரிவில் இருந்தவனுக்கு இது புரியாமல் போகாது.

மனைவியின் கதை வேறு. அவள் கிளிநொச்சிப் பக்கம், வட்டக்கச்சிக்காரி. மாமனார் சவாரி மாடு வளர்த்தவர். வண்டிச் சவாரி, அதாவது மாட்டுவண்டிப் பந்தயம் என்றால் அந்தப் பக்கத்தில் ஊரே திடலில் நிற்கும், வென்ற சோடிக்கு மாலை போட்டு வீடு வரை கூட்டி வருவார்கள். எனக்கு அங்கேதான் பிடி கிடைத்தது. “இஞ்சேரும், உம்மட ஐயா துவரந்தடியில ஆணி வைச்சுக் குத்தித்தானே மாட்டை ஓட்டினவர்?” என்று கேட்டேன். வென்றுவிட்டதாக நினைத்தேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல், “ஓம், அவர் செய்தது பிழைதான். நான் தான் ராவிலை அந்தப் புண்ணுக்கு மஞ்சள் பூசினனான். அதுக்கு இப்ப என்ன?” என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. ‘நீங்களும்தானே’ என்ற வாதம் எவ்வளவு தூரம் ஓடும் என்று அன்று கண்டேன். மஞ்சள் பூசிய கைக்கு முன்னால் அது நிற்காது. ஆகவே ஆட்டுக்கறி, கோழி, சவாரி எல்லாவற்றையும் இழுத்து எதிராளியின் வாயை அடைக்கப் பார்க்காதீர்கள். வாய்தான் அடைபடும்.

சட்டத்தைக் காட்டியும் தப்ப முடியாது. ஸ்பெயினுக்குள்ளேயே கனேரித் தீவுகள் 1991இலேயே தடுத்துவிட்டன. கத்தலோனியா 2010இல் தடைக்கு வாக்களித்து 2012இல் நடைமுறைப்படுத்தியது, 2016இல் ஸ்பெயினின் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடையை ரத்துச் செய்தது. கொலம்பியா 2024இல் தடைச் சட்டம் நிறைவேற்றியது, 2027இல் முழுதாக அமுலுக்கு வருகிறது. (மச்சான் முதலில் அதைக் கொழும்பு என்று வாசித்து, “இஞ்ச எப்ப மாடு பிடிச்சவங்கள்?” என்று கேட்டார்.) தமிழ்நாட்டு ஜல்லிக்கட்டும் 2014இல் தடை, 2017இல் மெரினாப் போராட்டம், புதுச் சட்டம், 2023இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது என்று சுற்றி வந்தது. ஓரிடத்தில் குற்றம், இன்னோரிடத்தில் பண்பாடு. சட்டம் உங்களுக்காக முடிவெடுக்காது.

மாற்று வழிகளையும் பாருங்கள், ஆனால் மாற்று என்ற பெயரில் உங்களையே ஏமாற்றாதீர்கள். போர்த்துக்கல்லில் காளையை அரங்கத்தில் கொல்வதில்லை. எட்டுப் பேர் வரிசையாக நின்று வெறுங்கையால் பிடிப்பார்கள், பார்க்க ஏறு தழுவுதல் ஞாபகம் வரும். ஆனால் அதற்கு முன் குதிரைவீரர் குச்சிகளை ஏற்றியிருப்பார், பிறகு பெரும்பாலும் திரைக்குப் பின்னால் கொல்லத்தான் கொண்டுபோகிறார்கள். பிரான்சின் தெற்கே கமார்க் பக்கம் ஒரு விளையாட்டு உண்டு: காளையின் கொம்பில் கட்டிய சிறு குஞ்சங்களை ஓடிப்போய்ப் பறிப்பது. காளைக்கு ஒன்றும் ஆகாது, அது வீடு போய் அடுத்த முறையும் வரும். மனைவி இதற்கு மட்டும் “அப்பிடியெண்டா வரலாம்” என்றாள். ஜல்லிக்கட்டென்றால் கொழும்பிலிருந்து மதுரைக்கு ஒரு மணித்தியாலப் பறப்பு. பொங்கலன்று அவனியாபுரம், அடுத்த நாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர். அங்கே கொல்வது நோக்கமில்லை, ஆனாலும் மனிதரும் மாடும் செத்த வருடங்கள் இருக்கின்றன. மட்ரிட் அரங்கத்தையே, சண்டை இல்லாத நாளில் வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கலாம். என் போஸ்டர் ஆசைக்கு அது போதும் என்றுதான் பேத்தி சொன்னாள்.

நான் போனேன். போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள்.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான செங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்குக் குறைவாக விடாதீர்கள். கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. எந்த நாட்டில் கூட நாள் நிற்கிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எனக்குப் பாரிஸில் தங்கை மகன், ஆகவே பிரெஞ்சு விசா. மனைவி அங்கே நின்றாள். நான் மட்டும் மட்ரிட்டுக்கு இரண்டு மணித்தியாலப் பறப்பு.

மட்ரிட்டின் லாஸ் வெந்தாஸ் அரங்கம் 1931இல் திறந்தது, இருபதாயிரத்துக்கு மேல் ஆட்கள் கொள்ளும். மே மாதம் சான் இசித்ரோ விழா, அப்போது கிட்டத்தட்டத் தினமும் சண்டை. டிக்கெட்டில் ‘சொல்’ என்றால் வெயில், ‘சொம்ப்ரா’ என்றால் நிழல், நிழலுக்கு விலை கூட. கொழும்பு வெயிலில் வளர்ந்தவர்கள் வெயிற்பக்கமே எடுக்கலாம், மாலை ஏழு மணிக்குத் தொடங்குவதால் கொஞ்ச நேரம்தான். இருக்கை கருங்கல் படி, சாய்வு இல்லை, முன்னாலிருப்பவரின் முதுகில் உங்கள் முழங்கால் முட்டும். வாசலில் வாடகைக்கு மெத்தை கொடுப்பார்கள், காசு பார்க்காமல் எடுங்கள். சுவரொட்டியில் ‘நோவியாதா’ என்று இருந்தால் இளங்காளை, பழகுகிற வீரர்கள், விலை குறைவு.

முக்கியமானது: மேலே, நடைபாதை ஓரமாக இடம் எடுங்கள். ஒரு காளை உள்ளே நிற்கும்போது எழும்பி நடக்க முடியாது, இரண்டு காளைகளுக்கு நடுவில்தான் போய்வரலாம். எழும்ப வேண்டும் என்று தோன்றினால் அந்த இடைவெளியைத் தவறவிடாதீர்கள். தவறவிட்டால் இன்னும் இருபது நிமிடம்.

நான் மூன்றாவதோடு எழும்பினேன். முதல் காளையில் எனக்கு மூச்சு நின்றது, அதை மறைக்க மாட்டேன். அந்தப் பெடியன் துணியை மெல்ல இழுக்க, அரை தொன் மாடு அவன் இடுப்பை உரசிப் போனது, இருபதாயிரம் பேர் ஒரே மூச்சில் ‘ஓலே’ என்றார்கள். இரண்டாவதில் வாள் சரியாக இறங்கவில்லை. திரும்பவும் குத்தினான், திரும்பவும். பக்கத்திலிருந்த கிழவர் ஒருவர் கோபத்தில் சீழ்க்கை அடித்தார். மாட்டுக்காக இல்லை என்று நினைக்கிறேன், வேலை சுத்தமில்லை என்பதற்காக. மூன்றாவதில் நான் பார்த்தது மாதடோரை இல்லை, காளையின் பிடரியை. மஞ்சள் பூச வேண்டிய இடம்.

கூட வராதவரிடம் திரும்பி வந்து எப்படிச் சொல்வது என்பதையும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள். வீடியோ காட்டாதீர்கள். நியாயம் சொல்லத் தொடங்காதீர்கள். கேட்டதற்கு மட்டும் பதில். பாரிஸில் கதவைத் திறந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

“எத்தினை?”

“மூண்டு.”

“மிச்சம் மூண்டு?”

“பாக்கேல்லை. வந்திட்டன்.”

அதுகளும் செத்திருக்கும்தானே என்று அவள் சொல்லவில்லை. சோறு போட்டாள்.

பேத்தியிடம் கணக்கும் ஒப்படைத்தேன்: டிக்கெட்டுக்கு இத்தனை யூரோ, நான் கொடுத்த காசு, மறைக்கவில்லை. அவள் இரண்டு மாதம் கழித்துத்தான் பழையபடி கதைத்தாள். அது அவளுடைய உரிமை. கொப்பியில் நாலாவது வரிக்கு நான் சரி அடையாளம் போடவில்லை, ‘3/6’ என்று எழுதி வைத்திருக்கிறேன். நீச்சல் இன்னும் பாக்கி.

மட்ரிட்டில் ஒரு கடையில் போஸ்டர் அச்சடித்தேன். நடுவில் யாருடைய பெயர் போட வேண்டும் என்று கடைக்காரப் பெண் தாளும் பேனையும் தந்தாள். கொட்டாஞ்சேனை மாமாவின் பெயரை எழுதிக் கொடுத்தேன், எழுத்துப் பிழை வராமல் இரண்டு தரம். இப்போது அது அலுமாரிக்குப் பின்னால் சுருட்டியபடி நிற்கிறது. முன்னறையில் மாட்ட மனைவி விடவில்லை. வீசவும் விடவில்லை.