தக்கை முங்குகிறது, முள்ளில் மீன் இல்லை

இங்கிலாந்தில் மிட்லண்ட்ஸ் பக்கம் கெண்டை விட்டு வளர்க்கிற ஏரி ஒன்றில் தூண்டில் போட்டி. காலையில் சீட்டு எடுத்து, விழுந்த இடத்தில் உட்கார்ந்து ஐந்து மணி நேரம் பிடிக்க வேண்டும், பிடித்ததையெல்லாம் வலையில் உயிரோடு வைத்திருந்து கடைசியில் எடை போட்டு ஏரியிலேயே விட்டுவிடுவார்கள் (குழம்பு ஆசையில் யாரும் வரவேண்டாம்).

ரீல் இல்லாத 13 மீட்டர் கம்பில், அடித்தரையில் பெல்லட் (சின்னச் சின்னத் தீவன உருண்டை). முதல் ஒரு மணி நேரம் சரியாகப் போனது. அப்புறம் தக்கை சடக்கென்று முங்கும், சுண்டினால் வெறும் முள். ஒரு தடவை கட்டைவிரல் நகம் அகலத்துக்கு ஒரு செதில் மட்டும் முள்ளில் குத்தி வந்தது. அதுதான் காட்டிக்கொடுத்தது: மீன் இரையைக் கடிக்கவே இல்லை, விழுகிற பெல்லட்டைப் பிடிக்க நடுத்தண்ணீருக்கு ஏறி, தூண்டில் நரம்பில் உரசிக்கொண்டு போகிறது. வெயில் ஏறினால் கெண்டை இப்படித்தான்.

தக்கைக்கும் முள்ளுக்கும் இரண்டடி மட்டும் விட்டுக் கட்டிய வேறு நரம்பை மாட்டினேன். கம்பு நுனியில் மாட்டுகிற கப்பில் இரையை மொத்தமாகக் கொட்டுவதை நிறுத்தி, உண்டிவில்லால் நாலைந்து பெல்லட்டாக அடித்து, அடித்த கையோடு தக்கையைத் தண்ணீரில் சப்பென்று தட்டினேன். அந்தச் சத்தத்துக்கே மீன் திரும்பும். தொடையில் கம்பைத் தாங்கிக்கொண்டு உண்டிவில் இழுப்பது பழகும்வரை எரிச்சல்தான். ஆனால் கடி வந்தால் கம்புக்குள் ஓடுகிற எலாஸ்டிக் தானாகவே இழுபடும், சுண்டவே வேண்டாம், எல்லாம் உதட்டில் மாட்டியவை.

காற்று வந்து மேகம் மூடியதும் மீன் மறுபடி அடிக்குப் போய்விட்டது, கடைசி அரை மணி நேரம் கரையோரத்தில் சோளம் போட்டு ஒப்பேற்றினேன்.