நிரலைப் பொதுவில் விடுவதா, உரிமத்தோடு கொடுப்பதா?

பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்துக்காக, பாமினி என்னும் பழைய எழுத்துருவில் கிடக்கும் கோப்புகளை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றும் சிறு நிரல் ஒன்றை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை இணையத்தில் ஏற்றினால், பாமினியில் பாடநூல் தட்டச்சு செய்து வைத்திருக்கும் ஜெர்மனியின் தமிழ்ப் பள்ளி ஒன்றும் எடுத்துக்கொள்ளும். “யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்” என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதாதா என்று தோன்றும். போதாது, அந்த வரியை இரண்டு நாட்டுச் சட்டங்களும் ஒரே மாதிரி படிப்பதில்லை.

முதலில், நிரல் உங்களுடையதுதானா என்று பாருங்கள். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கொள்கிறது. சம்பளத்துக்கு வேலை பார்க்கையில் அந்த வேலையின் பகுதியாக எழுதிய நிரலுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், 17ஆம் பிரிவின்படி முதலாளியே முதல் உரிமையாளர். ஆகவே அச்சகத்தில் நீங்கள் சம்பளக்காரர் என்றால், எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே மேற்கொண்டு செல்லுங்கள்.

உரிமையை முற்றிலும் துறந்து பப்ளிக் டொமைனில் விட விரும்பினால் 21ஆம் பிரிவு வழி தருகிறது: பதிப்புரிமைப் பதிவாளருக்கு உரிய படிவத்தில் அறிவிப்புக் கொடுக்கலாம், 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பொது அறிவிப்பாகவும் வெளியிடலாம். ஆனாலும் படைப்பு தம்முடையது என்று கோரும் உரிமையை 57ஆம் பிரிவு பதிப்புரிமையைச் சாராமல் தனியே வைத்திருக்கிறது. ஜெர்மனியிலோ இந்தத் துறப்பே செல்லாது: அந்நாட்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி ஆசிரியர் உரிமையை உயில் அல்லது வாரிசுகளின் பாகப்பிரிவினை வழியாக அன்றிக் கைமாற்ற முடியாது, எல்லோருக்கும் இலவசமாகப் பயன்பாட்டு உரிமை கொடுப்பதை மட்டும் 32ஆம் பிரிவு ஏற்கிறது. பப்ளிக் டொமைனில் உள்ள எஸ்க்யூலைட் தரவுத்தளத்தை ஆக்கியவர்கள், இத்தகைய நாடுகளின் நிறுவனங்களை மனத்தில் கொண்டே தனி உரிமப் பத்திரம் ஒன்றை விலைக்குத் தருகிறார்கள்.

எனவே துறக்கத்தான் வேண்டும் என்றால் சொந்த வாசகம் எழுதாமல், 2009இல் வந்த கிரியேட்டிவ் காமன்ஸ் சீரோ (CC0) என்னும் ஆயத்தத் துறப்பு வாசகத்தைப் பயன்படுத்துங்கள். துறப்பு செல்லாத நாட்டில் அதுவே உலகளாவிய இலவச உரிமமாக நின்றுகொள்ளும். ஆனால் கண்டுபிடிப்புக்கான காப்புரிமையை (பேட்டன்ட்) அது விட்டுக்கொடுப்பதில்லை. அதனால்தான் லினக்ஸ் இயங்குதளத்தை வெளியிடும் ஃபெடோரா திட்டம் 2022இல் நிரல்களுக்கு இனி அதை ஏற்பதில்லை என முடிவு செய்தது.

நான் பரிந்துரைப்பது, உரிமக் குறிப்பைச் சேர்த்தால் போதும், எப்படியும் பயன்படுத்தலாம் என்னும் தளர்வான உரிமத்தையே. அதிலும் ஓர் உள்ளூர்ச் சிக்கல் இருக்கிறது. நம் சட்டத்தின் 30ஏ பிரிவு, உரிமை மாற்றத்துக்கான 19ஆம் பிரிவின் விதிகளை உரிமங்களுக்கும் பொருத்துகிறது. அவ்விதிகளின்படி காலம் சொல்லப்படாவிட்டால் 5 ஆண்டு, எல்லை சொல்லப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். பலரும் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டும் எம்ஐடி உரிமத்தில் காலமும் இல்லை, எல்லையும் இல்லை. ஆறாம் ஆண்டில் வம்புக்கு வருகிறவர் இதைப் பிடித்துக்கொள்ள இடமிருக்கிறது. அப்பாச்சி 2.0 உரிமமோ நிரந்தரம், உலகம் முழுதும், திரும்பப் பெற முடியாதது என்று மூன்றையும் வாய்விட்டுச் சொல்கிறது. காப்புரிமைக்கும் அனுமதி தருகிறது. எம்ஐடிதான் வேண்டும் என்றால் அதன் வாசகத்தைத் திருத்தாதீர்கள். “பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும், உலகெங்கும் இந்த உரிமம் பொருந்தும்” என்று விளக்கக் கோப்பில் தனியாக எழுதுங்கள்.

பிறகு உரிமத்தின் முழு வாசகத்தையும் மூலநிரலின் முதல் அடைவில் தனிக் கோப்பாக வைத்து, உங்கள் பெயரையும் ஆண்டையும் இடுங்கள். எந்தப் பாமினி எழுத்துக்கு எந்த ஒருங்குறி எழுத்து என்று காட்டும் இணைப்பட்டியலை வேறொருவர் நிரலிலிருந்து எடுத்திருந்தால், அவருடைய உரிமக் குறிப்பையும் அதனருகிலேயே சேர்த்துவிடுங்கள். எம்ஐடி, அப்பாச்சி இரண்டுமே அதைக் கட்டாயமாகக் கேட்கின்றன.