மசகு எண்ணெய்க் கப்பலுக்கு முதல் வரைவு: கொப்பியும் கணிப்பானும் போதும்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ உட்கார்ந்துகொண்டு கப்பல் வடிவமைக்கலாமா? முதல் வரைவு என்றால் தாராளமாகச் செய்யலாம். உயர்தரப் பௌதிகவியலில் மிதத்தல் பாடம் விளங்கியிருந்தால் போதும். கடல் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை.

படி 1: எவ்வளவு எண்ணெய்?

சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்திறன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50,000 பீப்பாய். பீப்பாய்க்கு 159 லீற்றர் என்றால் 7,950 கனமீற்றர். இலேசான மசகு எண்ணெயின் அடர்த்தியை 0.83 என்று எடுத்தால் 6,600 தொன்.

நாம் எடுப்பது 20,000 தொன் டெட்வெயிட், அதாவது அவ்வளவு எடையைச் சுமக்கக்கூடிய கப்பல். சரக்கு, எரிபொருள், நன்னீர், ஆட்கள், சாமான் எல்லாம் அதற்குள் அடக்கம். சரக்கைத் தவிர்ந்தவற்றுக்கு 1,000 தொன் ஒதுக்கினால் எண்ணெய்க்கு 19,000 மிஞ்சும். சுத்திகரிப்பு நிலையத்துக்கு இது மூன்று நாளைக்குக்கூடக் காணாது. 2,000 கடல் மைல் தூரத்தை மணிக்கு 13 கடல் மைல் வேகத்தில் போய்வந்து, ஏற்றி இறக்க 15 நாள் பிடிக்கும் என்றால், ஆறு கப்பல் வேண்டும். கொழும்புக்கு வெளியே மிதவையில் கட்டி, கடலடிக் குழாயில் எண்ணெய் இறக்கும் கப்பல்கள் இதைவிடப் பல மடங்கு பெரிதாக இருப்பது இதனால்தான். பழகுவதற்கு 20,000 வசதியான எண் என்பதால் அதையே வைத்துக்கொள்வோம்.

படி 2: நீளம், அகலம், ஆழம்

இந்த அளவுக் கப்பலில் டெட்வெயிட் மொத்த எடையில் சுமார் 0.77 பங்கு. ஆகவே மொத்த எடை 26,000 தொன்னுக்குக் கிட்ட வரும். நீளம் 150 மீற்றர், அகலம் 25, அமிழும் ஆழம் 8.5, வடிவக் குணகம் (அந்த நீள அகல ஆழப் பெட்டியில் கப்பல் நிரப்பும் பங்கு) 0.80, கடல்நீரின் அடர்த்தி 1.025 என்று போடுங்கள். 150 × 25 × 8.5 × 0.80 × 1.025 = 26,137 தொன். சரி. வெறுங்கப்பல் மட்டும் சுமார் 6,100 தொன். மேல்தளம் வரையான உயரத்தை இப்போதைக்கு 12.5 என்று வையுங்கள். இது நிலைக்காது.

படி 3: இரட்டைச் சுவர்

கப்பல்களால் கடல் மாசடைவதைத் தடுக்கும் மார்போல் சர்வதேச உடன்படிக்கைப்படி பக்கச் சுவர்களுக்கு இடையிலான வெளி 0.5 + (டெட்வெயிட் ÷ 20,000) மீற்றர். நமக்கு 1.5. அடியில் அகலம் ÷ 15, அதாவது 1.67. இரண்டுக்கும் 2 மீற்றருக்கு மேல் கேட்கமாட்டார்கள். 1 மீற்றருக்குக் குறைய விடவும்மாட்டார்கள்.

புதிதாகப் போடுகிறவர்கள் வழுக்குவது இங்கேதான். 19,000 தொன் எண்ணெய்க்கு 22,900 கனமீற்றர் இடம் வேண்டும். தண்ணீர்க் கணக்கில் தொன்னுக்கு ஒரு கனமீற்றர் என்று போட்டால் கதை கெட்டது. சூட்டில் எண்ணெய் விரியும் என்பதால் தாங்கியை 98 வீதத்துக்கு மேல் நிரப்புவதில்லை. எனவே கனவளவு 23,360. நம்மிடம் இருப்பதோ 100 (சரக்குப் பகுதியின் நீளம்) × 22 (சுவர்கள் போக அகலம்) × 10.83 (அடி இடைவெளி போக உயரம்). வளைவுக்கும் இரும்புச் சட்டங்களுக்கும் பத்து வீதம் கழித்தால் 21,440தான். எண்ணெய் வெளியே நிற்கிறது!

நீளத்தைக் கூட்டாதீர்கள், இரும்புச் செலவு அதில்தான் அதிகம். உயரத்தை 13.5 ஆக்குங்கள், இடம் சரிவரும்.

படி 4: நடுச்சுவர்

அரைவாசி நிரம்பிய தண்ணீர் பவுசரோடு கினிகத்தேனை வளைவுகளில் இறங்கிய சாரதிக்கு இந்தப் படியை விளக்கத் தேவையில்லை. வண்டி சாயும் பக்கமே தண்ணீரும் ஓடும், சாய்வு இன்னும் கூடும்.

ஏற்றிய நிலையில் நம் கப்பலின் ஜீஎம், அதாவது புவியீர்ப்பு மையத்துக்கும் மெட்டாசென்டருக்கும் (சற்றுச் சாயும்போது மிதப்பு விசையின் கோடு கப்பலின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளி) இடைப்பட்ட உயரம், சுமார் 2.8 மீற்றர். சாய்ந்த கப்பலை நிமிர்த்துவது இதுதான். சரக்குப் பகுதியில் நெடுக்குச் சுவர் இல்லாவிட்டால் எண்ணெய் மேற்பரப்பால் ஏற்படும் இழப்பு இது:

0.83 × 100 × 22³ ÷ 12 ÷ 26,137 = 2.8 மீற்றர்

இருந்த ஜீஎம் முழுவதும் போய்விட்டது. நடுவில் ஒரே ஒரு நெடுக்குச் சுவர் வைத்தால் 22க்குப் பதில் இரண்டு 11. அகலம் மூன்றாம் அடுக்கில் வருவதால் இழப்பு நான்கில் ஒன்றாகி 0.7 மீற்றரில் நிற்கும். குறுக்குச் சுவர்களை எத்தனை போட்டாலும் இந்த இழப்பு குறையாது. அவை சரக்கைப் பிரிக்கவும் கப்பலுக்குப் பலம் கொடுக்கவும்தான். ஐந்து ஜோடித் தாங்கிகள், அவற்றுக்குப் பின்னால் தாங்கி கழுவிய எண்ணெய்த் தண்ணீருக்கு ஸ்லொப் தாங்கி ஒரு ஜோடி, சரக்குக் கொள்ளளவில் 3 வீதம்.

படி 5: பம்பும் வாயுவும்

24 மணித்தியாலத்தில் இறக்க மணிக்கு 954 கனமீற்றர் தேவை. 500 கனமீற்றர் பம்ப் மூன்று போடுங்கள், ஒன்று பழுதானாலும் வேலை முடியும். எண்ணெய் வெளியேறும் இடத்தில் காற்று புகுந்தால் வெடிக்கக்கூடும் என்பதால் மந்தவாயு (எரிய உதவாத, ஒட்சிசன் குறைந்த வாயு) செலுத்த வேண்டும்: பம்ப் வேகத்தின் 125 வீதம், அதாவது மணிக்கு 1,875 கனமீற்றர். செலுத்தும் வாயுவில் ஒட்சிசன் 5 வீதத்தையும் தாங்கிக்குள் 8 வீதத்தையும் தாண்டக்கூடாது.

படி 6: வெறுமையாகத் திரும்பும்போது

சாதாரணமாகச் சரக்குத் தாங்கியில் கடல்நீர் ஏற்ற முடியாது. இரட்டைச் சுவரின் இடைவெளியே நீர்ச்சுமைக்கான இடம். அதனுடன் கப்பல் நடுவில் 2 + 0.02 × 150 = 5 மீற்றராவது அமிழ வேண்டும்; கப்பலின் கீழ்ப்பகுதி ஒடுங்கியது என்பதால் குணகத்தை 0.76 என்று எடுத்தால், அதற்கு 14,600 தொன் எடை வேண்டும். எரிபொருளைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. வெறுங்கப்பலும் சுவர்களுக்குள் ஏறும் 7,100 தொன் நீரும் சேர்ந்து 13,200தான். முன்முனைத் தாங்கியில் 700 தொன் ஏற்றினாலும் இன்னும் 700 குறைகிறது.

அடித்தளத்தை 1.67இலிருந்து 2 மீற்றராக்கினால் அது சரியாகும். உள்ளே இறங்கி வெல்டிங் பார்ப்பவருக்கும் நிமிர்ந்து நிற்க இடம் கிடைக்கும். ஆனால் எண்ணெய்த் தாங்கி அவ்வளவுக்கு மேலே தள்ளப்படும், கப்பல் உயரம் 13.8 ஆகும், இரும்பு எடை கூடும், டெட்வெயிட் குறையும். புதிய பக்கத்தைப் புரட்டி, 13.8 என்று எழுதி, படி 2இலிருந்து மறுபடி தொடங்குங்கள்.