தோட்டா ரகம் மாற்றும்போது கணக்கில் விட்டுப்போகிற செலவுகள்

அமெரிக்காவில் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிச் சுடுபவர்கள் பலருக்கு ஒரு கட்டத்தில் தோட்டா ரகத்தை மாற்றும் ஆசை வரும். கையில் 1952-இல் அறிமுகமான .308 வின்செஸ்டர் தோட்டாவைச் சுடும் ரைஃபிள் இருக்கும். கண்ணோ 2007-இல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்த 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா ரகத்தின் மேல் இருக்கும். மாறலாம், தப்பில்லை. ஆனால் செலவுக் கணக்கைப் பாதியில் நிறுத்திவிடக் கூடாது.

"ஒரு டை செட்டும் (உறையை அளவாக்கும் அச்சுகள்) ஒரு பேரலும் (துப்பாக்கிக் குழல்) தானே?" என்று தொடங்குவதுதான் முதல் சறுக்கல். இரண்டு தோட்டாக்களின் அடிவிட்டமும் ஒன்றே, 0.473 அங்குலம். அதனால் தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டை மாற்ற வேண்டாம், நிரப்பும்போது உறையைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரும் பழையதே போதும். இது உண்மையான வசதிதான். ஆனால் சேர்த்து வைத்த பித்தளை உறைகள்? .308 உறையை வெட்டி, கழுத்தைச் சுருக்கி, தடிமனைச் சீவி கிரீட்மோர் ஆக்குபவர்கள் இருக்கிறார்கள். அந்த உழைப்புக்குப் புது உறையே வாங்கிவிடலாம் என்பது என் கருத்து. லாபுவா போன்ற உயர்தர உறை ஒன்று ஒரு டாலருக்கு மேல். அதோடு, லாபுவாவின் கிரீட்மோர் உறை சிறிய பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) கேட்கும். நீங்கள் .308-க்காக வாங்கிக் குவித்தது பெரிய பிரைமராக இருந்தால் அது இங்கே உதவாது.

அடுத்தது, பலரும் மறந்துவிடும் பேரல் ஆயுள். குறிபார்த்துச் சுடுபவர்களின் பொதுவான அனுபவத்தில் .308 பேரல் 5000 முறையும் அதற்கு மேலும் நன்றாகச் சுடும். கிரீட்மோரில் 2000 முதல் 3000 வரைதான். பேரலும் பொருத்தும் கூலியும் சேர்த்து 700 டாலர் என்று வைத்துக்கொள்வோம். .308-இல் ஒரு குண்டுக்கு 14 சென்ட் விழுகிறது. கிரீட்மோரில் 2500 என்று கொண்டால் 28 சென்ட். வருடம் 500 சுடுபவருக்கு 70 டாலர் கூடுதல், பத்து வருடம் வரவேண்டிய பேரல் ஐந்து வருடத்தில் தேய்ந்துவிடும். பவுடரில் (வெடிமருந்தில்) மிச்சம் பிடிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். இரண்டுக்கும் 40 கிரெய்னுக்குச் சற்று மேலே தேவைப்படும். ஒரு பவுண்டு என்பது 7000 கிரெய்ன், எதில் போட்டாலும் ஏறக்குறைய 160 தோட்டாதான் வரும்.

சரி, பலன் எங்கே? காற்றில்தான். 140 கிரெய்ன் 6.5 குண்டு காற்றை நன்றாகக் கிழித்துப் போகும். 1000 கெஜத்தில் பக்கக்காற்று .308-இன் 175 கிரெய்ன் குண்டைத் தள்ளுவதைவிட இதை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவாகவே தள்ளும். தோளில் விழும் உதையும் குறைவு. ஆனால் 300 கெஜத்தில், மணிக்கு 10 மைல் காற்றில், வித்தியாசம் இரண்டு மூன்று அங்குலம். உங்கள் ரேஞ்ச் 300 கெஜத்தோடு முடிகிறதா, மானை 200 கெஜத்துக்குள் சுடுகிறீர்களா? அப்படியானால் அந்தப் பணத்துக்குக் குண்டும் பவுடரும் வாங்கிப் பழகுங்கள், குறி நிச்சயம் நெருங்கும். 600 கெஜத்தைத் தாண்டிப் போட்டிகளில் சுடுபவர் என்றால் மாறுவது நியாயமான செலவு.

பேரல் நன்றாக இருக்கும்போதே கழற்றுவதும் வேண்டாம். தேய்ந்து மாற்றியாக வேண்டிய நாளில் எப்படியும் பேரலுக்குப் பணம் போகத்தான் போகிறது. அப்போது ரகத்தையும் மாற்றினால் கூடுதல் செலவு டை, உறை, குண்டு அளவில் நின்றுவிடும்.

இரண்டு ரகத்தையும் வைத்துக்கொள்பவர்கள் மேசையில் கவனமாக இருக்க வேண்டும். .308-க்குப் பலர் போடும் வார்கெட்டும், கிரீட்மோருக்குப் போடும் எச்4350-உம் வேறு வேறு பவுடர்கள், ஆனால் பார்வைக்கு ஒரே மாதிரி சாம்பல் நிறக் குச்சிகள். வார்கெட் வேகமாக எரியும். எச்4350-இன் அளவில் அதைத் தவறுதலாகப் போட்டால் அழுத்தம் எல்லை மீறி ரைஃபிளே உடையலாம். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மிச்சத்தை உடனே அதே டப்பாவில் கொட்டி மூடிவிடுங்கள்.