கம்பியில்லா இணைய இணைப்பில் போர்ட் ஃபார்வர்டிங்: என் அனுபவம்

வீட்டுக் கேமராப் பதிவுகளை வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் விதியை (வெளியிலிருந்து வரும் கோரிக்கையை வீட்டுக்குள் உள்ள கருவிக்குத் திருப்பிவிடும் அமைப்பு) முறையாக அமைத்திருந்தும், வெளியிலிருந்து எந்த இணைப்பும் உள்ளே வந்து சேரவில்லை. வீட்டு வைஃபையில் அதே பதிவுகள் உடனே திறந்ததால், கோளாறு பதிவுக் கருவியில் இல்லை என்பது உறுதியாயிற்று.

ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வான் ஐபி முகவரி (இணையப் பக்கத்தில் ரூட்டருக்குக் கிடைத்த முகவரி) 100.72 என்று தொடங்கியது. என் பொது முகவரியாக இணையத்தளங்கள் காட்டியதோ முற்றிலும் வேறு. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான முகவரிகள், 2012இல் வெளியான ஆர்எஃப்சி 6598 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தின்படி, பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் இணையச் சேவை நிறுவனங்களுக்கென ஒதுக்கப்பட்டவை. வெளியிலிருந்து வரும் கோரிக்கை நிறுவனத்தின் கருவியிலேயே நின்றுவிடுவதால், வீட்டு ரூட்டரில் எத்தனை விதிகள் எழுதினாலும் பயனில்லை. இணைப்பு கொடுக்கும்போதே இதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தத் தடையைத் தவிர்க்க உதவும் நிலையான பொது முகவரியும் ஐபிவி6 (புதிய தலைமுறை ஐபி முகவரி முறை) வசதியும் என் திட்டத்தில் இல்லை. ஆகவே பொது முகவரியுள்ள சிறிய கிளவுட் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதில் ஐபி ஃபார்வர்டிங்கை (தனக்கு வரும் தரவை வேறு கருவிக்கு அனுப்பிவிடும் வசதி) இயக்கி, வீட்டிலுள்ள ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியை வயர்கார்டு என்ற விபிஎன் (மறைகுறியாக்கிய தனி இணைப்பு) மூலம் அதனோடு இணைத்தேன். இணைப்பை வீட்டுப் பக்கமே தொடங்குவதால் நிறுவனத்தின் கருவி அதைத் தடுப்பதில்லை. ராஸ்பெர்ரி பையில் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் (இணைப்பை உயிர்ப்போடு வைக்க அவ்வப்போது சிறு செய்தி அனுப்பும் அமைப்பு) மதிப்பை 25 விநாடிகளாக வைப்பது மிக முக்கியம். இல்லையெனில் போக்குவரத்தில்லாத நேரத்தில் நிறுவனத்தின் கருவி, வயர்கார்டு பயன்படுத்தும் யுடிபி இணைப்பை மறந்துவிட, வெளியிலிருந்து வீட்டை அடைய முடியாமல் போகும். கேமரா போர்ட்டை உலகுக்கே திறந்துவைப்பதைவிடக் கைபேசியையும் அதே வயர்கார்டில் சேர்ப்பதே பாதுகாப்பானது என்பதால், அவ்வாறே செய்து, கைபேசியின் வயர்கார்டு முகவரிகளுக்கான வழியை வீட்டு ரூட்டரில் ராஸ்பெர்ரி பையை நோக்கி எழுதியதும் பதிவுகள் திறந்தன.