இரட்டை மரபணுக்கள் எப்படிப் பிரிகின்றன: ஈஸ்டின் கேல்1, கேல்3 வைத்து ஒரு செய்முறை

ஒரு மரபணு நகலாகும்போது தொடக்கத்தில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். பெரும்பாலான ஜோடிகளில் ஒன்று பிறழ்வுகள் சேர்ந்து செயலிழந்துவிடும். இரண்டும் பிழைத்தால்தான் கேள்வி எழுகிறது. ஒன்று பழைய வேலையைப் பார்க்க, மற்றது புது வேலைக்குப் போகலாம் என்றார் சுசுமு ஓனோ, 1970-இல். பழைய வேலையையே இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளலாம், மரபணு எப்போது, எவ்வளவு இயங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கட்டுப்பாட்டுப் பகுதியில் ஆளுக்கொரு துண்டை இழந்தாலே அதற்குப் போதும் என்றது ஆலன் ஃபோர்ஸ், மைக்கேல் லிஞ்ச் குழு, 1999-இல். எது நடந்தது என்று அறிய, புரத வரிசையோடு நின்றுவிடக் கூடாது.

படி 1: ஜோடியும் வெளியினமும்

ரொட்டி ஈஸ்டின் கேல்1, கேல்3 இரண்டும் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் முழு மரபணுத் தொகுதியும் இரட்டித்தபோது பிரிந்தவை. கேல்1 கேலக்டோஸைச் செரிக்கத் தொடங்கும் நொதி. கேல்3 கேலக்டோஸ் வந்ததை உணர்ந்து சுவிட்சைப் போடும் புரதம். இரட்டிப்புக்கு முன்பே பிரிந்த க்ளூவெரோமைசஸ் லாக்டிஸ் என்ற வேறொரு ஈஸ்டில் ஒரே மரபணு இரண்டு வேலையையும் பார்க்கிறது. இப்படி ஒப்பிடுவதற்காக வெளியிலிருந்து எடுக்கும் வெளியினம் இல்லாமல் தொடங்காதீர்கள். ஜோடியை மட்டும் வைத்துக்கொண்டு எது பழையது, எது புதியது என்று சொல்ல வழியில்லை.

படி 2: குறியீட்டுப் பகுதி

முதலில் புரதங்களை மாஃப்ட் மென்பொருளில் வரிசைப்படுத்துங்கள். பிறகு அதே இடைவெளிகளை டிஎன்ஏவுக்கு மாற்றுங்கள். டிஎன்ஏவை நேரடியாக வரிசைப்படுத்தினால் இடைவெளி கோடானின் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து) நடுவில் விழுந்து, அதற்குப் பின் வரும் கணக்கெல்லாம் பிழையாகும். கேல்1 528 அமினோ அமிலம், கேல்3 520. கேல்1-இன் வினையிடத்தில் உள்ள செரின், அலனின் இரண்டும் கேல்3-இல் இல்லை. அந்த இரண்டைச் சேர்த்தாலே கேல்3-க்கு நொதித் திறன் ஓரளவு திரும்புகிறது.

அமினோ அமிலத்தை மாற்றாத பிறழ்வுகளின் அளவு, அப்படிப்பட்ட ஓர் இடத்துக்குச் சராசரியாக 2-ஐத் தாண்டினால் அதை வைத்து வயது சொல்லாதீர்கள். ஒரே இடம் பலமுறை மாறியிருக்கும். இவ்வளவு பழைய ஜோடிகளில் இதைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

படி 3: கட்டுப்பாட்டுப் பகுதி

அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான். வழக்கமாக எல்லோரும் மரபணுவுக்கு முன்னால் உள்ள பகுதியில் (முன்பகுதி) 1000 டிஎன்ஏ எழுத்துகளை வெட்டி எடுப்பார்கள். கேல்1-க்கும், எதிர்த்திசையில் ஓடும் கேல்10-க்கும் இடையே இருப்பதே ஏறத்தாழ 670 எழுத்துதான். 1000 எடுத்தால் பக்கத்து மரபணுவின் புரதக் குறியீட்டையும் சேர்த்துப் படிப்பீர்கள். அண்டை மரபணு தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

இரண்டு முன்பகுதிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரிசைப்படுத்த முயல வேண்டாம். 10 கோடி ஆண்டில் ஒற்றுமை கரைந்துவிட்டது. மென்பொருள் கொடுக்கும் பொருத்தம் வெறும் தற்செயல். அதற்குப் பதிலாக, இந்த மரபணுக்களை இயக்கிவிடும் கேல்4 புரதம் ஒட்டும் இடங்களை எண்ணுங்கள். அதன் வடிவம்: சிஜிஜி, நடுவில் எதுவாகவும் 11 எழுத்து, பிறகு சிசிஜி. எதிரிழையில் படித்தாலும் இதே வடிவம்தான் வரும் என்பதால் ஓர் இழையில் தேடினால் போதும்.

கேல்1 முன்பகுதியில் அறியப்பட்ட நான்கு இடங்களில் இரண்டு இந்த வடிவத்துக்கு முழுதாகப் பொருந்தும். மூன்றாவது ஏஜிஜி என்றும் நான்காவது சிஜிசி என்றும் தொடங்குகின்றன. கறாராகத் தேடினால் இரண்டும் கைநழுவும். ஓர் எழுத்துப் பிழையை அனுமதித்தால் அகப்படும், ஆனால் ஈஸ்டின் எழுத்து விகிதத்தில் சுமார் 800 எழுத்துக்கு ஒன்று தற்செயலாகவும் கிடைக்கும். ஆகவே சாக்கரோமைசஸ் பாரடாக்ஸஸ், மிக்காட்டே போன்ற நெருங்கிய உறவினங்களின் அதே பகுதியை இதனுடன் வரிசைப்படுத்துங்கள். இங்கே வரிசைப்படுத்தல் நம்பகமானது. எல்லா இனத்திலும் மாறாமல் நிற்கும் இடத்தை மட்டும் எண்ணுங்கள். கேல்3-இல் அப்படித் தேறுவது ஒன்றுதான்.

படி 4: வெளிப்பாட்டோடு பொருத்துதல்

குளுக்கோஸில் கேல்1 ஒடுக்கப்பட்டிருக்கும்; அதனால் ஒடுக்கவும் தூண்டவும் செய்யாத ராஃபினோஸ் என்ற சர்க்கரையில் உள்ள அளவை அடிப்படையாக வைத்து கேலக்டோஸோடு ஒப்பிடுங்கள். கேல்1 ஏறத்தாழ ஆயிரம் மடங்கு எழும். கேல்3 சில மடங்கே உயரும், ஆனால் கேலக்டோஸ் வருவதற்கு முன்பே கொஞ்சம் இருந்துகொண்டே இருக்கும்.

இப்போது வெளியினத்துக்குத் திரும்புங்கள். நொதி, கேலக்டோஸ் வந்த பிறகு ஏராளமாகத் தேவை. உணர்வி, வருவதற்கு முன்பே சிறிதளவு தேவை. லாக்டிஸில் ஒரே முன்பகுதி இரண்டையும் சமாளிக்க வேண்டியிருக்கிறது. மரபணு இரட்டித்த பிறகுதான் ஒரு முன்பகுதி இறுக்கமாக மூடி வேகமாகத் திறக்கவும், மற்றது எப்போதும் லேசாகத் திறந்திருக்கவும் வாய்ப்பு வந்தது. ஆக, பழைய இரண்டு வேலைகளையும் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொண்ட ஜோடி இது.