கல் சுவர் தின்ற வைஃபை

கோத்தகிரியில் எங்கள் வீடு தாத்தா கட்டியது. கருங்கல் சுவர், ஒன்றரை அடி கனம். குளிருக்கு நல்லது, வைஃபைக்கு எமன்.

இன்டர்நெட் பிளான் வேகம் 100 எம்பிபிஎஸ். பின் அறையில் 6 வந்தாலே பெரிய விஷயம். மீட்டிங்கில் வாய் திறந்தபடி என் முகம் உறைந்து நிற்கும். லைன்மேன் வந்தால், "மழை சார்" என்பார். டீ குடித்துவிட்டுப் போவார்.

ஒரு ஞாயிறு லேப்டாப்பில் லேன் கேபிளைச் செருகி ரூட்டரிலிருந்தே நேராகப் பார்த்தேன். 94! லைனில் குறையே இல்லை, வழிப்பறி வீட்டுக்குள்தான்.

ரூட்டர் கிடந்தது டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவை ஒட்டி. அதை ஹால் அலமாரி உச்சிக்கு ஏற்றினேன். அவசரத்தில் ஃபைபர் வயரை ஆணியில் மடக்கி மாட்ட, சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது. பெரிய வட்டமாகச் சுருட்டியதும் அடங்கியது.

அப்படியும் பின் அறையில் 25தான். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை கல்லுக்குள் செத்துவிடும்; 2.4 கொஞ்சம் தாண்டும், ஆனால் மெதுவாக. கடைசியில் ஜன்னல் சட்டத்தில் துளை போட்டு கேட் 6 லேன் கேபிள் 15 மீட்டர் இழுத்து, பரணில் கிடந்த பழைய ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் ஆக்கினேன், அதாவது கேபிளில் வரும் நெட்டை அந்த அறையில் வைஃபையாக விடும் பெட்டி. அதில் டிஎச்சிபியை (ஒவ்வொரு சாதனத்துக்கும் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க் எண், கொடுக்கும் வேலை) அணைக்க வேண்டும், அதன் சொந்த ஐபி முகவரி மெயின் ரூட்டரோடு மோதக்கூடாது, கேபிளை லேன் போர்ட்டில்தான் செருக வேண்டும். முதல் விஷயத்தை மறந்து இரண்டு மணி நேரம் போனது. அம்மாவுக்கு சீரியலும் போனது.

இப்போது பின் அறையில் 90. துளை வழியாகக் குளிர்காற்றும் நல்ல வேகத்தில் வருகிறது. எம்-சீல் வாங்கணும்.